சாம்பிள் தட்டு

மழைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.
பயின்னோங் சந்தையில் லாரிகள்
பின்பக்கமாக ஊர்ந்து வரும் நேரத்தில்
கணக்கெடுப்பு ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்தான்.
வெள்ளைச் சட்டை, நீலக் கைலி, ஆறு பக்கப் படிவம்.
துவரை மூட்டையைக் காட்டினேன். உட்கார்ந்தான்.

பெயர்?
அட்டையில் டோ ன்வே ன்வே சோ.
தராசடியில் செங்கமலம்.
ஒரு பெயருக்குத்தான் கோடு போட்டிருந்தது.

தொழில்?
மொத்த வியாபாரம்.
அது தலைப்பு, அம்மா. அதற்குள்ளே கட்டங்கள் உண்டு என்றான்.
சரக்கைத் தன் பேரில் வாங்கி விற்பவர்
ஒரு கட்டம்.
அடுத்தவர் சரக்கைக் கைமாற்றித்
தரகு எடுப்பவர் இன்னொன்று.
பொருள் நாள்பட நிற்குமா, நிற்காதா?
வண்டைக் கேள் தம்பி, அதற்குத்தான் தெரியும்.
அவன் சிரிக்கவில்லை. எழுதினான்.

சரக்கு உங்களுடையதா?

இருபத்திரண்டு வருஷம்.
மோன்யுவா உளுந்து, மக்வே துவரை,
பியே பக்கத்துப் பச்சைப்பயறு
எல்லாம் இந்தத் தராசில் ஏறி இறங்கியது.
இங்கே பெய்தா என்பார்கள், நான் வீசை என்பேன்,
முள் ஒரே இடத்தில்தான் நின்றது.
விற்றவன் வாங்கியவன் முகம் பார்த்ததில்லை,
வாங்கியவன் வயலைப் பார்த்ததில்லை.
நடுவே ஒரு போன், அதில் என் தொண்டை.
மூட்டைக்கு இவ்வளவு என்று
அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம்.
ஒரு மணி கூட என்னுடையதில்லை.

தரகு என்று குறிக்கப் போனான்.
பொறு, என்றேன்.

அந்தப் பக்கத்துத் துறைமுகம் கதவைச் சாத்திய வருஷம்
காலையில் பேசிய விலை மாலையில் இல்லை.
மோன்யுவாவிலிருந்து கோ தான் ஹ்டே
இருநூறு மூட்டையோடு வந்து நின்றான்.
லாரி வாடகைக்கே பணமில்லை.
திரும்பிப் போ என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு.
வளையல் நாலையும் கழற்றி வைத்து வாங்கினேன்.
என் பேரில்.
ஐம்பத்தொரு நாள் தூங்கவில்லை.
கூரையில் சொட்டு விழுந்தால் எழுந்து போய்
மூட்டையைத் தடவிப் பார்ப்பேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல.
பிறகு பாதி விலைக்குப் போயிற்று.
அந்த ஐம்பத்தொரு நாளை எந்தக் கட்டத்தில் போடுவாய்?

இது போன வருஷக் கணக்கு மட்டும், அம்மா.

சரி, போடு.

அடுத்த பக்கம். சரக்கு வகைகள்.
கொண்டைக்கடலை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்,
கலாபே என்று அவனுக்குச் சொன்னேன்.
கலா என்றால் யாரென்று அவனுக்கும் தெரியும்.
பேனா ஒரு கணம் நின்றது.
அந்தப் பயறு எங்கள் பெயரில்தான் விளைகிறது,
எங்கள் பேரில் ஒரு ஏக்கரும் கிடையாது.
இதை நான் சொல்லவில்லை.
அவன் கையெழுத்து மட்டும் சற்றுச் சின்னதாயிற்று.

வெளியே விளக்கு போட்டார்கள்.
மூட்டை தூக்குகிறவர்கள் தலைத்துண்டை உதறினார்கள்.
நான் குத்தூசியைத் துடைத்து மாட்டினேன்.

கிளம்பும்போது தட்டைப் பார்த்துவிட்டான்.
காலையிலிருந்து குத்திப் பார்த்த ஒவ்வொரு மூட்டையிலும்
ஒரு கைப்பிடி வந்து விழும் பித்தளைத் தட்டு.
முதல் தரம், இரண்டாம் தரம், ஈரம் பட்டது,
மோன்யுவா, பக்கோக்கு, பெகு,
எல்லாம் ஒன்றாய்க் கறுத்துக் கிடந்தது.

இது யாருடைய சரக்கு?

சாம்பிளைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் இல்லை, தம்பி.
மூட்டைக்காரன் மறந்துவிடுவான்,
வாங்குகிறவன் எடைபோட மாட்டான்.
ராத்திரி ஊறப்போட்டால்
நாளைக்கு நாலு பேருக்கு இட்லி.

படிவத்தை மறுபடி திறந்தான்.
கட்டம் கட்டமாக விரலை ஓட்டிக்கொண்டே போனான்.
அதற்குள் நான் ஒரு பொட்டலம் மடித்து
அவன் பையில் போட்டேன்.
எவ்வளவு என்றான்.

சில்லறை வியாபாரம் நான் செய்வதில்லை.